கல்லேந்திய நாரை

கொடியைத் தலைகீழாகக் கட்ட வேண்டும் என்று நெல்லா சொன்னபோது ஓத்தாவியோ ஓர்சாத்தி மத்தியானச் சூப்பைப் பாதிதான் குடித்திருந்தார். கரண்டியை மேசைமேல் வைத்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"கொடிய மாத்திக் கட்டணும் மாமா. வெள்ளை மேல வர்ற மாதிரி. இப்பவே."

"யாரு சொன்னா?"

"உங்க பிள்ளை."

ரோம் விழுந்துவிட்டது, ஜெர்மன்காரர்கள் வடக்கே பின்வாங்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த கோடை அது. மொந்தார்வோவில் விழா மாதம். குதிரைப் பந்தயத்தைத் தடை செய்திருந்தார்கள், முரசையும் எக்காளத்தையும் தடை செய்திருந்தார்கள். சன்னலில் துணி தொங்குவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. ஊரின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு விலங்கோ பறவையோ சின்னம், அதற்கென்று நிறங்கள். பன்றி வட்டாரத்துத் தெருக்களில் பச்சையும் மஞ்சளும், ஆமை வட்டாரத்தில் நீலம், நாரை வட்டாரத்தில் சிவப்பும் வெள்ளையும் எப்போதும்போலத் தொங்கின. ஓர்சாத்தி வீட்டில் தொங்கியது அவற்றில் ஒன்று அல்ல. வட்டாரம் தன் நிறங்களை எடுத்துக்கொண்டதே அந்தக் கொடியிலிருந்துதான். மேல்பாதி சிவப்புப் பட்டு, கீழ்பாதி வெள்ளைப் பட்டு. நடுவே ஒற்றைக் காலில் நிற்கும் கருப்பு நாரை, தூக்கிய காலில் ஒரு கல். காவல் நிற்கும் நாரை கண்ணயர்ந்தால் கல் விழுந்து எழுப்பிவிடும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

ஓத்தாவியோவின் ஒரே மகன் கொர்ராதோ போன இலையுதிர் காலத்தில் படையை விட்டு வந்து, எதிர்மலையில் கரிமூட்டக்காரர்களின் குடிசைகளில் ஒளிந்திருந்தான். அவனோடு ஊர்ப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போகும் நேரத்தில் இறங்கி வந்து, ஓர்சாத்தி வீட்டுக்கு நேர்கீழே ஊர் மதிலில் இருக்கும் சிறுவாசலில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு போவார்கள். விழா மாதம் பிறந்ததிலிருந்து கொடிதான் அடையாளம். சிவப்பு மேலே இருந்தால் வரலாம். இது ஓத்தாவியோவுக்குத் தெரியும். வீட்டுக் கொடி மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆபத்து என்றால் என்ன செய்வது என்பதைக் கொர்ராதோ மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

"லாரி வந்துச்சு மாமா. எறங்கினவங்க சதுக்கத்துப் பக்கமே போகல. நேரா அத்தித் தோட்டத்துக்குள்ள பூந்து, சிறுவாசலப் பாத்துத் துப்பாக்கிய நீட்டிக்கிட்டுப் படுத்திருக்காங்க. கண்ணால பாத்துட்டு வர்றேன். யாரோ வாய விட்டிருக்காங்க."

"ஆள அனுப்பிச் சொல்லு."

"எல்லா வாசலும் அடைச்சாச்சு. ரொட்டிக்காரனோட கழுதையக்கூட வெளிய விடல. மலையிலேர்ந்து பாத்தா தெரியிறது நம்ம கொடி ஒண்ணுதான்."

ஓத்தாவியோ சன்னல் பக்கம் பார்த்தார். வெயில் இன்னும் சுவரில் உயரமாகத்தான் இருந்தது.

"பன்றித் தெருவுல பொறந்தவதான்னு காட்டிட்டேயில்ல," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"உங்க ஆளுங்க விழாவுல பாடுறதே இதத்தான. கொக்கு தலைகீழா நிக்குது, கொக்குக்கு வெக்கமில்லன்னு. அந்த வீட்டுப் பொண்ண எடுத்தப்பவே எங்க அக்கா சொன்னா."

"பாட்டு பத்திப் பேசுற நேரமா இது? உங்க பிள்ளை எறங்கி வரப்போறாரு."

பாட்டு வெறும் பாட்டு இல்லை. எங்கள் ஊரில் தூக்குமரத்தைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருந்தது. ஊரைக் காட்டிக்கொடுத்த வீட்டின் வாசலுக்கு மேலே குடும்பச் சின்னம் செதுக்கிய கல் கேடயத்தைப் பெயர்த்துத் தலைகீழாகப் பதித்துவிடுவார்கள். பழைய காலத்தில் ஓர்சாத்தி ஒருவன் எதிரிக்கு வடக்கு வாசலைத் திறந்துவிட்டான். அவன் செத்த பிறகும் அவன் பேரன் காலம்வரை நாரை தலைகீழாகவே நின்றது. அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் ஆளில்லை, எடுக்கவும் ஆளில்லை. விழா நாள் காலையில் எல்லா வட்டாரத்தாரும் வரிசையாகப் போய் அந்த நிலைப்படியில் துப்பிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்கள். இன்னொரு முற்றுகையில் இன்னொரு ஓர்சாத்தி அதே வாசலைக் காத்து, அங்கேயே வெட்டுப்பட்டுச் செத்த பிறகுதான் ஊர் கேடயத்தை நேராக்கிக் கொடுத்தது. அன்று முதல் அந்த வீட்டில் தகப்பன் சாகும்போது மகன் கையைப் பட்டின்மேல் வைத்துச் சத்தியம் வாங்குவான். நாரை இனித் தலைகீழாக நிற்காது. ஓத்தாவியோவும் மீசை முளைக்காத வயதில் அந்தச் சத்தியத்தைச் செய்தவர். அந்த நாளின் மெழுகுவர்த்தி வாசனைகூட அவருக்கு மறக்கவில்லை.

அவர் எழுந்து நின்றார்.

"கொடிய உள்ள எடுத்துடறேன். கொடியே இல்லைன்னா வரமாட்டாங்க."

"அப்படிப் பேசிக்கல மாமா! சிவப்பு மேல இருந்தா வரலாம். வெள்ளை மேல இருந்தா வரக்கூடாது. கொடியே இல்லைன்னா என்னன்னு யாருமே பேசிக்கல."

"எம்பிள்ளைக்கு மூளை இருக்கு. விழா மாசத்துல ஓர்சாத்தி வீட்டுச் சன்னல் வெறுமையா இருந்தா புரிஞ்சுக்குவான்."

"புரிஞ்சுக்கலைன்னா?"

நெல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி, பட்டு வேணாம். வெள்ளைப் படுக்கை விரிப்புக்குக் கீழ என் சிவப்புப் பாவாடைய தைச்சுத் தொங்கவிடறேன். நாரை இல்ல, கேடயம் இல்ல. வெறும் துணி. சன்னல் கதவ மட்டும் தொறந்து விடுங்க."

"துணி எதுவா இருந்தா என்ன, நிறம் எங்க நிறம். சன்னல் எங்க சன்னல். கீழ நின்னு பாக்கறவனுக்கு அது பாவாடைன்னு தெரியுமா?"

"அப்ப அந்தப் பாக்கறவன்தான் உங்களுக்கு முக்கியம்."

மலையைப் பார்த்த சன்னல் அந்த வீட்டில் ஒன்றுதான். அது கொடி அறையில் இருந்தது. கொடி அறையின் சாவி வீட்டுப் பெரியவரின் இடுப்புச் சங்கிலியில் இருந்தது. ஓத்தாவியோ உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். வெளியே நெல்லா கதவில் அடித்தாள். முதலில் "மாமா" என்றாள். பிறகு அவர் பெயரைச் சொன்னாள். மருமகள் ஒருத்தி அந்த வீட்டில் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

அவர் கொடிக்கம்பை உள்ளே இழுத்தார். பட்டின் ஓரம் கல்லில் உரசாமல் இடது கையால் ஏந்திக்கொண்டார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அசுந்தா அண்ணாந்து பார்த்தாள். வாய் ஓயாத பெண்பிள்ளை.

"மழையா பெரியவரே? வானம் வெளுப்பாத்தான இருக்கு?"

அவர் கம்பை முழுதும் உள்ளே வாங்கினார்.

"சரி சரி. உங்க பட்டுக்குத் தெரியாததா மேகத்துக்குத் தெரியப்போகுது! ஏ பீனா, பெரியவர் கொடி உள்ள போயிடுச்சு, துணிய எடுடி!"

அந்தத் தெருவில் வெகுநாள் வழக்கம் அது. ஓத்தாவியோ அந்தப் பட்டின்மேல் ஒரு துளி விழ விட்டதில்லை. மலைமேல் லேசாக இருட்டினாலே உள்ளே எடுத்துவிடுவார். நாரைத் தெருப் பெண்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் சன்னலைப் பார்த்துத்தான் துணி எடுப்பார்கள். இப்போதும் மாடி மாடியாகத் துணிகள் மறைந்தன. ஓத்தாவியோ அதைப் பார்த்தார். பார்த்ததில் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. நாரையின் தலை உள்ளே வரும்படி பட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கதவு அடிபடுவது நின்றுபோனது. நெல்லா கோயிலுக்கு ஓடியிருந்தாள். மணியை அடித்துவிட்டால் மலைவரை கேட்கும். மணிக்கூண்டின் படியில் ஒரு சிப்பாய் நின்றான். அவன் துப்பாக்கிக் கட்டையால் அவளைத் தள்ளினான். அவள் மறுபடி ஏறினாள். மறுபடி தள்ளினான். பொழுது சாயும் நேரத்தில், உதடு கிழிந்து வீடு திரும்பிப் படியேறிக்கொண்டிருந்தபோது சிறுவாசல் பக்கம் ஒரு வெடி கேட்டது. அதற்குப் பிறகு கெட்டித் துணியை இழுத்துக் கிழிப்பதுபோல நீளமாக ஒரு சத்தம்.

மழை வரவில்லை.

*

பிணங்களைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அவை கிடந்த இடத்திலேயே கிடந்தன. ஜூலை வெயில். ஓத்தாவியோ சன்னலைத் திறந்தால் நேர்கீழே மகன் தெரிந்தான். மதிலில் சாய்ந்து, தூங்குகிறவன்போலத் தலை தொங்க உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் சப்பாத்து இல்லை. மடியில் காலிப் பை. ஈ மொய்ப்பது மேலிருந்தே தெரிந்தது. பிறகு வாடை மேலே வந்தது. தெருவில் எல்லாரும் சன்னலை அடைத்துக்கொண்டார்கள். அவர் அடைக்கவில்லை. நெல்லா சிறுவாசலுக்கு உட்புறம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கணவன் இருந்தான். சிப்பாய்கள் ஒரு விடியற்காலையில் லாரிகளில் ஏறி வடக்கே போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. ஊரார் உடல்களைப் பெட்டிகளில் அடைத்துக் கோயில் நிலவறையில் வைத்தார்கள். அவள் வீட்டுக்குள் வந்ததும் சமைத்தாள், பெருக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

சண்டை வடக்கே நகர்ந்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் ஓத்தாவியோவைப் பார்க்க வந்தார்கள். பங்குச் சாமியார் தோன் சாந்தேதான் பேசினார்.

"ஊரே ஒங்களப் பத்தித்தான் பேசுது ஓத்தாவியோ. கொடிதான் மலைக்கு அடையாளம்னு இப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. பிள்ளைங்களுக்கு எச்சரிக்கை குடுக்கணும்னு உசுரப் பணயம் வச்சுக் கொடிய உள்ள எடுத்தீங்க. பாவம், பிள்ளைங்க அதக் கவனிக்கல. விதி. செத்தவங்க எல்லாரையும் ஒரே கொடிக்குக் கீழ அடக்கம் பண்ணணும்னு முடிவு பண்ணியிருக்கோம். பன்றித் தெருப் பையனையும் சேத்து. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. உங்க நாரைக்குக் கீழ."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்புறம் இன்னொண்ணு. ஊர்ச் சின்னத்தோட தங்கக் கரைய உங்க வீட்டுக் கேடயத்துல சேக்கலாம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

எந்த வீட்டுக்கும் எங்கள் ஊர் அந்தக் கரையைத் தந்ததில்லை. ஓத்தாவியோவின் அப்பா, தாத்தா, அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லாரும் கனவில்கூடக் கேட்கத் துணியாதது அது. மூலையில் நெல்லா காப்பிக் குவளைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. ஓத்தாவியோ நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சரி என்று தலையசைத்தார்.

*

கல்லில் கரை செதுக்க அளவெடுக்க வந்தவன் துலியோ. பன்றி வட்டாரத்துக் கல்தச்சன். சிறுவாசலில் விழாமல் தப்பியவன் அவன் ஒருவன்தான். அவன் அண்ணன் தப்பவில்லை. இடது கையில் இன்னும் கட்டு இருந்தது. ஒற்றைக் கையால் ஏணியைச் சாய்த்து ஏறினான். ஓத்தாவியோ கீழே வாசலில் நின்றார்.

"பன்றிக்காரன் கையால நாரைக்குத் தங்கக் கரை," என்றான் துலியோ, நூலைக் கல்லின்மேல் பிடித்தபடி. "எங்கப்பன் கேட்டா கல்லறையில எழுந்து உக்காந்துடுவான் ஐயா."

"நேரா புடி. கோணப்போகுது."

"கோணாது. உங்க வீட்டுல எதுதான் கோணும்?"

அவன் சிறிது நேரம் அளந்தான். பிறகு கீழே பார்க்காமலே கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். அன்னிக்கு மழை எங்க போச்சு?"

"எந்த மழை?"

"பாறைமேல உக்காந்து கொடியவே பாத்துக்கிட்டு இருந்தோம். திடீர்னு காணோம். நான் சொன்னேன், வேணாம்டா, கொடியக் காணோம், நாளைக்குப் போலாம்னு. கொர்ராதோ சிரிச்சான். 'எங்கப்பாவ உனக்குத் தெரியாது. ஒரு துளி விழும்போல இருந்தாலே பட்ட உள்ள எடுத்துடுவாரு. பிள்ளை நனையலாம், பட்டு நனையக் கூடாது. ஆபத்துன்னா வெள்ளை மேல இருக்கும், நெல்லா மறக்கவே மாட்டா. மழைக்கு முன்னாடி ரொட்டிய வாங்கிட்டு வந்துடலாம், வாங்க'ன்னான். பசி வேற. எறங்கிட்டோம். வழியெல்லாம் நான் வானத்தப் பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு மேகம் இல்ல."

ஓத்தாவியோ வாசல் நிலைக்கல்லைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கல் வெயிலில் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"அவ கொடிய மாத்திக் கட்டச் சொன்னா," என்றார். "நான் மாத்தல."

துலியோ ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினான். நேருக்கு நேர் நின்றான்.

"ஏன்?"

ஓத்தாவியோ விரலை உயர்த்தி வாசலுக்கு மேலே காட்டினார். துலியோ திரும்பி அந்தக் கேடயத்தைப் பார்த்தான். முதல்முறை பார்ப்பவன்போலப் பார்த்தான். ஒற்றைக் காலும், தூக்கிய காலில் கல்லும். அவன் துப்பவில்லை, கையும் ஓங்கவில்லை. நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

"எங்கண்ணனுக்கு ஈரமே ஆகாது ஐயா. நனைஞ்சா மாசக்கணக்கா இருமுவான். அன்னிக்கும் கோட்ட மாட்டிக்கிட்டுத்தான் வந்தான், மழைன்னு நம்பி." பையை எடுத்துக்கொண்டான். "நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. சொல்லி யாரு வரப்போறா? அவளே சொல்லல, பாத்தீங்கள்ல. அளவு எடுத்தாச்சு. அடக்கத்துக்குள்ள கரைய செதுக்கிடறேன்."

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். தெருமுனைவரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

*

அடக்கத்தன்று சதுக்கம் நிறைந்திருந்தது. எல்லா வட்டாரத்தாரும் தத்தம் நிறத்தில், எல்லா நிறத்துக்கும் மேலே கருப்புத் துணி சுற்றி நின்றார்கள். சவப்பெட்டிகள் கோயில் வாசலில் வரிசையாக இருந்தன. வழக்கப்படி ஓர்சாத்தி கொடி கடைசியில் வந்து முன்னால் நிற்க வேண்டும்.

ஓத்தாவியோ கம்பை நெஞ்சோடு அணைத்து, எப்போதும் நடக்கிற நடையில் வந்தார். முதுகு வளையவில்லை. கூட்டம் வழிவிட்டது. வழிவிட்டவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வெள்ளை மேலே இருந்தது. சிவப்பு கீழே இருந்தது. நாரையின் கால் வானத்தைப் பார்த்தது.

அசுந்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் பாவம், துக்கத்தில் பெரியவர் தடுமாறிவிட்டார் என்று நினைத்தாள்.

"பெரியவரே, கொடி மாறிப்போச்சு. குடுங்க, யாராவது புடிங்கப்பா."

தோன் சாந்தே இரண்டு படி இறங்கினார். ஓத்தாவியோ கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மாறல சாமி. சரியாத்தான் கட்டியிருக்கேன்."

"ஓத்தாவியோ, பிள்ளைய நெனச்சுப் பாருங்க…"

"எம்மருமக இதே மாதிரி கட்டச் சொன்னா. வெள்ளை மேல இருந்தா வரக்கூடாதுன்னு அவங்களுக்குள்ள பேச்சு. நான் கட்டல. நாரை தலைகீழா நிக்கக் கூடாதுன்னு உள்ள எடுத்து வச்சேன். மழைன்னு நெனச்சு எறங்கி வந்தாங்க." அவர் குரல் சதுக்கத்தின் கடைசிவரை கேட்டது. "எங்க முன்னோர் ஒருத்தன் காசுக்கு வாசலத் தொறந்தான். நான் காசு வாங்கல. அவ்வளவுதான் வித்தியாசம். கரை வேணாம். கேடயத்தத் திருப்புங்க."

எங்கேயோ ஒரு பெண் அழத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். ஓத்தாவியோ மகனின் பெட்டியருகே போய்க் கொடியைக் கம்பிலிருந்து அவிழ்த்தார். அப்படியே அதன்மேல் விரிக்கக் குனிந்தார்.

"அவர்மேல வேணாம்."

நெல்லாவின் குரல். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ஊர் அதை அன்றுதான் கேட்டது.

"அது உங்களோடது மாமா. அவர்மேல போடாதீங்க."

அவள் கருப்புச் சால்வைக்குள் கைவிட்டுக் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்தாள். பச்சையும் மஞ்சளும். ஞானஸ்நானத்தின்போது பன்றி வட்டாரத்து நீரூற்றில் அவளுக்குக் கட்டிய துணி. அதைக் கொர்ராதோவின் பெட்டிமேல், நெஞ்சு இருக்கும் இடத்தில் விரித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டாள். நாரை வீட்டில் பிறந்த எவனும் பன்றியின் நிறத்துக்குக் கீழே மண்ணுக்குள் போனதில்லை. நாரை வட்டாரத்தார் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. எல்லாரும் ஓத்தாவியோவைப் பார்த்தார்கள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அந்தத் துணி அங்கே இருக்காது.

அவர் கொடியைக் கையில் சுருட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்க வந்தவர்களுக்கு வழிவிட்டு விலகி நின்றார்.

*

கேடயத்தைத் துலியோதான் பெயர்த்துத் திருப்பினான். கை சரியான பிறகு வந்தான். கூலி வாங்கவில்லை, பேசவுமில்லை. நெல்லா அதற்கு முன்பே தன் பெட்டியை எடுத்துக்கொண்டு பன்றித் தெருவுக்குப் போயிருந்தாள்.

அடுத்த விழாவில் பந்தயம் நடந்தது. காலையில் வட்டாரங்கள் வரிசையாக ஓர்சாத்தி வாசலைக் கடந்தன. பழைய வழக்கம் எல்லாருக்கும் நினைவிருந்தது. ஓத்தாவியோ கருப்புக் கோட்டுப் போட்டு, கதவைத் திறந்துவைத்து, நிலைப்படியருகே நின்றார். சிலர் துப்பினார்கள். பலர் பார்வையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். துப்பாதவர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பன்றி வட்டாரத்தோடு வந்த நெல்லா அவர் முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு நடந்தாள்.

கொடி, மலையைப் பார்த்த சன்னலில், வெள்ளை மேலே தொங்கியது. மலையில் அதைப் பார்க்க யாரும் இல்லை. மத்தியானத்தில் கருத்துக்கொண்டு வந்தது. பெரிய துளிகள் விழுந்தன.

"பெரியவரே, மழை!" என்று பக்கத்து மாடியிலிருந்து அசுந்தா கத்தினாள். நனைந்த விரிப்புகளை நெஞ்சோடு அள்ளிக்கொண்டிருந்தாள். "உங்க கொடிய நம்பித் துணி போட்டேன், எல்லாம் போச்சு! பட்டு நனையுது, உள்ள எடுங்க!"

ஓத்தாவியோ கொடிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. பட்டு கனத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பழைய சாயம் கரையத் தொடங்கியது. சிவப்பு, மதில் கல்லின் வழியாக, சிறுவாசல்வரை இறங்கியது.